முறையான வழியில் ஒரு பிரெஞ்சுக்காரர்

…நம்பலைங்க தம்பி. எங்கப்பா பிரெஞ்சுக் குடிமகன்ங்கற கதைய நான் நாப்பது வருஷமா நம்பலை. இதே புனேல, கோர்படில பெரியப்பா இருக்காரு, சேவியர்னு பேரு, மக வீட்டுல. இப்ப இந்த பஸ்ல அங்கதான் போறேன். அவரு சொல்ற கதை. பிரெஞ்சுக்காரன் பாண்டிச்சேரிய விட்டுப் போனப்ப, எங்க குடிமகனாவே இருக்கணும்னா ஆறு மாசத்துல எழுதிக் குடுன்னானாம். கடைசி நாள்ல இவரு தம்பிய, அதாவது எங்கப்பாவ, அவங்க ஆபீசுக்குக் கூட்டிப் போய் கையெழுத்துப் போட வச்சாராம். நீங்க ஏன் போடலைன்னு கேட்டா இருமுவாரு. எங்கப்பா சாகற வரைக்கும் ஒரு எலெக்‌ஷன் விடாம இங்க ஓட்டுப் போட்டவரு…

என் பையன் விஜய்தான், ஹடப்சர்ல கம்ப்யூட்டர் வேலை, "தாத்தா பிரெஞ்சுன்னா நீயும் பிரெஞ்சு, நானும் பிரெஞ்சு. குடியுரிமைக்கு மனு போட்டுப் பாருப்பா"ன்னான். போட்டேன். அந்த நாட்டு மேல உனக்கென்ன பற்றுன்னு எழுதணும்னாங்க. எனக்கென்ன பற்று? பாவ் ரொட்டி தெரியும், அதுவும் வடாபாவ்ல வடைய சுத்தி. சின்ன வயசுலேர்ந்து அந்த மண்ண நெனச்சு உருகறேன்னு எழுதினேன். நான் இருக்கறது கோந்த்வால மூணாம் மாடி, தொட்டிச் செடி மண்ணுகூட என் பொண்டாட்டியோடது. பொறப்பாலயே பிரெஞ்சுக்காரன், என்னை இந்தியனா நெனச்சதே இல்லன்னும் ஒரு வரி. படிக்க நல்லா இருந்துச்சு.

உங்க ஸ்டாப்பா? கேம்ப்னுதான சொன்னீங்க… உக்காருங்க.

நான் முப்பது வருஷமா சென்ட்ரல் கவர்மென்ட் குமாஸ்தா. லீவு லெட்டரக்கூட மேலதிகாரி வழியாத்தான் அனுப்புவேன். கை பழகிருச்சு. இந்த மனுவுக்கும் ஒரு காப்பி எடுத்து, மேல "த்ரூ ப்ராப்பர் சேனல்"னு எழுதி, ஆபீசர் டேபிள்ல வச்சுட்டேன். எவனும் கேக்கலைங்க. நானேதான் வச்சேன்.

மெமோ வந்துருச்சு. பொறப்பால பிரெஞ்சுன்னா, வேலைல சேர்றப்ப இந்தியன்னு எழுதினது எப்படி, பதினஞ்சு நாள்ல விளக்கம் குடுன்னு. ரிடயராக எட்டு மாசம் இருக்கு. வேலை, பென்ஷன், ரெண்டும் ஊசலாடுது.

காலைல பெரியப்பாவுக்கு போன் போட்டேன். "உங்கப்பன் போட்டான்டா, நான் பக்கத்துல நின்னேன்டா"ன்னு ஆரம்பிச்சாரு. நாப்பது வருஷத்துல மொத தடவையா, இது நெசமா இருந்துருமோன்னு தோணிருச்சு. கேட்டுட்டேன் தம்பி:

"பெரியப்பா, அன்னிக்கு அந்த ஆபீஸ் பூட்டியிருந்துச்சுன்னு ஒரு தாள்ல எழுதித் தருவீங்களா?"