ஓரத்துல நாலு நம்பர்

ஒட்டு போட முடியாதுங்க. எத்தனை தடவை கேட்டாலும் அதே பதில்தான். அஞ்சு நிமிஷ வேலைன்னு எனக்குத் தெரியாதா, முப்பத்தி நாலு வருஷமா இதைத்தானே பண்றேன். ட்யூபுக்கு ஒட்டு போடலாம், டயருக்கு என்னத்தப் போடறது. இங்க பாருங்க, நடுவுல வரின்னு ஏதாவது தெரியுதா. உங்க தலையும் டயரும் ஒரே வருஷம் வழுக்கை விழ ஆரம்பிச்சிருக்கும் போல.

போறதுன்னா போங்க. அடுத்த கடை ரயில்வே கேட்டைத் தாண்டி, மூணு கிலோமீட்டர். பின் வீலை நான் கழட்டியாச்சு, தலையில வச்சுத்தான் தூக்கிட்டுப் போகணும். அக்கா புருஷன் கடையில இருந்து வீலைத் தலையில சுமந்துக்கிட்டுப் போறாருன்னு தெருவே பாக்கட்டும்.

உக்காருங்க. அந்த ஸ்டூல் வேண்டாம், ஒரு கால் ஆடும். நீங்க இங்க இருந்தப்போ ஆடின அதே கால்தான், எட்டு வருஷமா சரி பண்ணல. டயர் அடுக்கு மேல உக்காருங்க.

ஆணியையா தேடறீங்க. இந்தா, தட்டுல போட்டு வச்சிருக்கேன். பெட்டி அடிக்கிற ஆணி. என் கடை வாசலுக்கு இருபதடி முன்னாடி ஏறினா நான் போட்டதுன்னு ஆயிடுமா. உங்களுக்கு ஆணி போடணும்னா எட்டு வருஷம் முன்னாடியே போட்டிருப்பேன். அப்புறம்தானே என் மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னு மார்க்கெட் வழியா சுத்திக்கிட்டுப் போக ஆரம்பிச்சீங்க. எனக்குத் தெரியும். தினமும் பெயிண்ட் கடை வேலைக்கு ரெண்டு கிலோமீட்டர் அதிகமா ஓட்டினீங்க. டயர் அதுலயே பாதி தேஞ்சிருக்கும். நான் எதையும் மறக்கிற ஆளு இல்ல.

இன்னைக்கு வேற வழி இல்ல, ஆஸ்பத்திரிக்கு இந்த ஒரு ரோடுதான், அதான் இந்த வழியா வந்தீங்க. ஆறு மணி வரைக்கும் உள்ள விடுவான். மணி நாலு ஆகல. இங்க இருந்து இறங்கினா பத்து நிமிஷம். அக்காவைப் பாக்கலாம், பயப்படாதீங்க. நாளைக்குக் காலையில ஏழு மணிக்குத்தான் ஆபரேஷனுக்குக் கொண்டு போறாங்க.

இருங்க, போன். ம், சொல்லும்மா. வந்துட்டாரு, இங்கதான் இருக்காரு உங்க மாமா. இல்ல, சண்டை எல்லாம் ஒண்ணும் இல்ல, பஞ்சர். நெஜமாத்தான் பஞ்சர். அம்மாகிட்ட மாமா வந்துட்டே இருக்காருன்னு மட்டும் சொல்லு, வேற எதுவும் சொல்லாதே. மூச்சு எப்படி இருக்கு. சரி. பேச விடாதே அவளை. வை.

என் பொண்ணு. உங்களுக்கு நேத்து போன் பண்ணினதும் அவதான். தூங்கி எந்திரிச்சதுல இருந்து அவ அம்மா வாசலையே பாத்துக்கிட்டு இருக்காளாம்.

மேகத்தைப் பாக்கறீங்களா. நானும் அதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். அதுக்குத்தான் ஒட்டு போட மாட்டேன்னு சொன்னேன்.

இங்க மூணு டயர் எடுத்து வச்சிருக்கேன். எல்லாம் உங்க வண்டி அளவு. நகத்தை வச்சு அழுத்துங்க. இது முதல் டயர். நகம் இறங்கவே இல்ல பாருங்க, கல்லு. முப்பத்தஞ்சாயிரம் கிலோமீட்டர் ஓடும், மாத்தின வருஷமே மறந்து போயிடும். காய்ஞ்ச ரோட்டுக்கு ராஜா. ரோடு நனைஞ்சா அது ஒரு பக்கம் போகும், வண்டி ஒரு பக்கம் போகும். இது ரெண்டாவது. நகம் பதியுது பாருங்க, ரப்பர் கூழு மாதிரி. ரோட்டை விடவே விடாது, ஈரத்துலயும் பிடிக்கும். பதினஞ்சாயிரத்துல ஆயுசு முடிஞ்சிடும். மூணாவது ரெண்டுங்கெட்டான். நேரா போறப்போ தேயாம இருக்க நடுவுல கெட்டி, வளைவுல சாயறப்போ பிடிக்க ஓரத்துல மெது. ரெண்டும் வேணும்கிறவனுக்கு ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம் கிடைக்கும்.

முதல் டயரையா கை காட்டறே.

பாருங்க, வாய் தவறி நீன்னு வந்துடுச்சு. பரவாயில்ல, நீங்க நாங்கன்னு பேசி எனக்கே தாடை வலிக்குது. நீன்னே சொல்றேன் மச்சான். கோவம்னா வச்சுக்க, எட்டு வருஷக் கோவத்தோட இதையும் சேத்துக்க.

நீயா உழைக்கிற டயரைக் கேக்கறே. இதே இடத்துல நின்னுக்கிட்டு பிடிப்பு பிடிப்புன்னு என் உசிரை எடுத்தவன் நீ. நான் உழைப்பைச் சொல்லுவேன், டயர்னா நாலு வருஷம் உழைக்கணும்னு. நீ சொல்லுவே, டயர் உழைச்சு என்ன மாமா, ஓட்டறவன் இருக்கணும்ல. கஸ்டமர் நம்ம ரெண்டு பேரு மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, நீங்க பேசி முடிங்க நான் டீ குடிச்சிட்டு வர்றேன்னு போயிடுவான். பாதிப் பேரு திரும்பி வரவே இல்ல.

எந்திரிக்காதே. வீல் என் கையில இருக்கு.

நான் ரெண்டாவதைத்தான் போடப் போறேன். தேயட்டும், தேஞ்சா வேற கடையில மாத்திக்க. தண்ணித் தொட்டி தாண்டி அந்த இறக்கம் இருக்கே, வளைவு, அதை நீ தாண்டித்தான் போகணும். அங்கதான். உனக்குச் சொல்லணுமா. அன்னைக்கும் இதே மாதிரிதான், முதல் மழை, ரோடு எண்ணெய் தடவின மாதிரி. வண்டி வழுக்கிடுச்சு. ஓட்டின என் மாப்பிள்ளைக்கு முழங்கையில ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். பின்னாடி உக்காந்திருந்த என் பொண்ணுக்கு முட்டி போச்சு. இன்னைக்கும் படியேறினா ரெண்டு காலையும் ஒரே படியில வச்சுட்டுத்தான் அடுத்த படி. ஆஸ்பத்திரியில அவ அம்மாவுக்கு மருந்து வாங்க இப்பவும் அப்படித்தான் ஏறி இறங்கிக்கிட்டு இருக்கா.

இந்தப் பக்கம் கொஞ்சம் பிடி. லீவர் வழுக்குது. சோப்புத் தண்ணி அதிகமாயிடுச்சு.

மட்டமான டயரைக் கடையில வாங்கி வச்சு என் பொண்ணு காலை முறிச்சிட்டியேடான்னு ஆஸ்பத்திரி வராந்தாவுல உன்னைக் கேட்டேன். நர்ஸ் வந்து சத்தம் போடாதீங்கன்னா. அவளையும் திட்டினேன். சட்டையைப் பிடிச்சேன்ல. நீ ஒரு வார்த்தை பேசல. என் கையை எடுத்து விட்டுட்டு, செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டே. கடைச் சாவியை உங்க அக்கா கையில கொடுத்துட்டுப் போயிட்டே. அதுக்கப்புறம் என் பேரன் பிறந்தப்போ நீ வரல. நானும் சும்மா விட்டேனா. உன் பொண்ணு கல்யாணப் பத்திரிகை தபால்ல வந்துது. கம்ப்ரசர் ஆடுதுன்னு மடிச்சு அதுக்கு அடியில வச்சேன். கல்யாணத்தன்னைக்கு உங்க அக்கா நல்ல புடவையைக் கட்டிக்கிட்டு, தலை சீவிக்கிட்டு, வீட்டுக்குள்ளேயே உக்காந்திருந்தா. சாயங்காலம் அவிழ்த்து மடிச்சு வச்சுட்டா. ஒரு வார்த்தை கேக்கல என்னை. நீங்க அக்கா தம்பி ரெண்டு பேருக்கும் அது ஒரு வியாதி, வாயைத் திறக்க மாட்டீங்க.

அம்புக்குறி எந்தப் பக்கம் இருக்கு பாரு. சுத்தற பக்கம்தானே. இந்த மஞ்சப் பொட்டு வால்வுக்கு நேரா வரணும். நீ சொல்லிக் கொடுத்ததுதான். அதுக்கு முன்னாடி நான் எப்படி வேணாலும் மாட்டிக்கிட்டு இருந்தேன், வண்டி எல்லாம் நல்லாத்தான் ஓடுச்சு.

தூறல் விழ ஆரம்பிச்சாச்சு. வண்டியை உள்ள தள்ள வேண்டாம், நனையட்டும்.

இதைப் படி. ஓரத்துல, முட்டை மாதிரி ஒரு கட்டத்துக்குள்ள நாலு நம்பர் இருக்கு. கண்ணாடி இல்லையா. சரி, நானே படிக்கறேன். முப்பத்தி ஒண்ணு, இருபத்தஞ்சு. முதல் ரெண்டு வாரம், பின்னாடி ரெண்டு வருஷம். இருபத்தஞ்சாம் வருஷம் முப்பத்தி ஒண்ணாவது வாரம் செஞ்ச டயர். சரியாப் படிச்சேனா. இப்போ சரியாப் படிப்பேன்.

என்ன அப்படிப் பாக்கறே.

அப்போ எனக்குத் தெரியாது மச்சான். நான் படிச்சது மூணாவது, அதுவும் ஒழுங்கா இல்ல. சரக்கு வாங்கறது, தேதி பாக்கறது எல்லாம் நீ. நான் கழட்டறது, மாட்டறது. நீ மூணு டயரைச் சாக்குல சுத்தி, கம்பி போட்டுக் கட்டி, பரண் மேல ஏத்தி வச்சே. மாமா அதுல கை வைக்காதீங்க, திருப்பி அனுப்பணும்னு சொன்னே. ஏன்னு நான் கேக்கல. கேட்டா எனக்குத் தெரியலன்னு ஆயிடும். எனக்கு என்ன தோணுச்சுன்னா, இவன் தனியா கடை போடப் போறான், நல்ல சரக்கை எல்லாம் ஒளிச்சு வைக்கறான்னு தோணுச்சு. அப்போ நீ மெயின் ரோட்டுல ஒரு இடம் பாத்துட்டு வந்தே. இல்லன்னு சொல்லாதே, பாத்தே. எனக்குச் சொன்னாங்க.

நீ ஊர்ல இல்லாத நாளாப் பாத்து ஏறினேன். கம்பியை வெட்டினேன். நம்பரைப் பாத்தேன். பதினெட்டு, பதினொண்ணு. அப்போ நடந்துக்கிட்டு இருந்ததும் பதினெட்டாம் வருஷம், முன்னாடி ரெண்டுதான் வருஷம்னு எடுத்துக்கிட்டேன். பாத்தியா, இந்த வருஷத்து டயரு, பளபளன்னு இருக்கு, இதையா திருப்பி அனுப்பணும்னு சொன்னான்னு நினைச்சேன். இவன் ஒளிச்சு வச்சது என் பொண்ணு வீட்டு வண்டியில ஓடட்டும்னு மாட்டினேன். ஆசையாத்தான் மாட்டினேன். வேற யாருக்கோ மாட்டியிருந்தா இவ்வளவு நல்லாத் துடைச்சு மாட்டியிருக்க மாட்டேன்.

விழுந்து மூணாம் நாள், ஸ்டேஷன்ல வண்டியைப் பாக்க வந்த அதிகாரி குனிஞ்சு படிச்சாரு. பதினொண்ணாம் வருஷம், பதினெட்டாவது வாரம், ஏழு வருஷ ரப்பர், மரக்கட்டை மாதிரி ஆயிடுச்சுன்னாரு. நான் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தேன். உன் சட்டையைப் பிடிச்சது அதுக்கு முந்தின நாள்.

ஆமா. எட்டு வருஷமாத் தெரியும்.

காத்து பிடிச்சாச்சு. வீலைக் கேக்காதே, இன்னும் முடியல.

நீ நினைக்கறது புரியுது. ஆனா ஒண்ணு சொல்றேன், நீயும் சரி இல்ல. அந்த டயர் சாக்குல இருந்ததுன்னு உனக்கு அந்த வராந்தாவுலயே தெரியும். கட்டினவன் நீ. கம்பியை வெட்டினது யாருன்னு உன்னால ஒரு கேள்வி கேட்டிருக்க முடியும். ஒரே ஒரு கேள்வி. அத்தனை பேரு முன்னாடி நான் அங்கேயே உக்காந்திருப்பேன், அன்னைக்கே முடிஞ்சிருக்கும். நீ பெரிய மனுஷன் மாதிரி செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டே. அக்கா வீடு உடையக் கூடாதுன்னு போனியா, இவன் எல்லாம் ஒரு ஆளான்னு போனியா, எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல. உன் மேல எனக்கு இருக்கற கோவம் அது ஒண்ணுதான். அது இன்னும் போகல. போகும்னும் தோணல.

நட்டை நீ முடுக்க வேண்டாம், நானே முடுக்கறேன். செயின் தொங்கறதை மட்டும் பாத்துச் சொல்லு. போதுமா. சரி.

முந்தா நாள் டாக்டர் ஆபரேஷன்னு சொன்னதும் உங்க அக்கா, தம்பியை வரச் சொல்லுங்கன்னு பொண்ணுகிட்ட சொன்னா. பொண்ணு வெளியே போனதும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, நீங்க சொல்றீங்களா நான் சொல்லவான்னு கேட்டா. அவ்வளவுதான் கேட்டா. அதுக்கே மூச்சு வாங்குச்சு, ஆக்சிஜன் வச்சாங்க. ரெண்டு வரிக்கு மேல பேச விடாதீங்கன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. இதைச் சொல்ல எத்தனை வரி ஆகும், நீயே பாத்தியே, எனக்கே இவ்வளவு நேரம் ஆச்சு.

நேத்து பொண்ணு உன்கிட்ட பேசினதுல இருந்து வாசல்லயேதான் நின்னுக்கிட்டு இருக்கேன், நீ வந்தா எப்படி நிறுத்தறதுன்னு. பஞ்சர் ஆகலைன்னா ரோட்டுல குறுக்க நின்னிருப்பேன்.

இந்தா சாவி. மழை கோட்டு அந்த ஆணியில தொங்குது, போட்டுக்க. புது டயர் முதல் நூறு கிலோமீட்டர் வழுக்கும், மேல தடவியிருக்கறது போகணும். தண்ணித் தொட்டிகிட்ட இருந்தே வேகத்தைக் குறைச்சிடு, வளைவுல பிரேக்கைத் தொடாதே.

உள்ள போனதும் அவளைப் பேச விடாதே. எனக்குத் தெரியும்னு நீ முதல்ல சொல்லிடு. எதைன்னு கேட்டா, ஏணின்னு சொல்லு, போதும், புரிஞ்சுக்குவா. அன்னைக்கு நான் பரண் மேல ஏறினப்போ ஏணி ஆடுச்சு. கீழ நின்னு பிடிச்சுக்கிட்டு இருந்தது அவதான்.