பதினான்கு தாள்களில் நான் போட்ட வட்டம்

என் பெயரும் தகப்பனார் பெயரும் அடையாள அட்டையில் உள்ளபடி மேலே எழுதிக்கொள்ளப்பட்டன. வேலை செய்யும் இரும்புக் கிடங்கில் அந்தப் பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது. "ஏர்ஹாரன்" என்று கேட்டால் வாயிற்காவலரே கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிடுவார். வயது ஐம்பத்தெட்டு, பார்த்தால் நாற்பத்தைந்துதான் சொல்வார்கள். கிடங்குக்குப் பின்னால் உள்ள தொழிலாளர் குடியிருப்பில், இரண்டாவது மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கு எதிர் வீட்டில் குடியிருக்கிறேன். கிரேன் ஓட்டுவது தொழில். முப்பத்தொரு வருட அனுபவத்தில் ஒரு முட்டையைக்கூட உடையாமல் கீழே இறக்குவேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு; ஐந்திலும் முதல் மாணவன். காவல் ஆய்வாளர் அம்மா "நிஜமாவா?" என்று கேட்டதால், நான்காம் வகுப்பில் இரண்டு வருடம் இருந்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இன்று வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு, யாரும் கூப்பிடாமல் நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன். திங்கட்கிழமை நான் சொன்னதை வைத்து, மருத்துவ ஆய்வுத் தாள்களைப் பொய்யாக எழுதியதாக என் அக்கா மகள் மேல் இன்று மூன்று மணிக்கு வழக்குப் பதிவாகப் போகிறது. நான் திங்கட்கிழமை சொன்னது பொய். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

என் அக்கா மகள் பல் மருத்துவமனையின் ஆய்வுப் பிரிவில் செவிலியர். வயது இருபத்தெட்டு. வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். அவள் படித்து ஆளானதே என்னால்தான். அக்கா பக்கத்து அறையில் உட்கார்ந்திருப்பதாலும், கதவு சரியாகச் சாத்தாததாலும், ஒரே ஒரு முறை அவளைக் கல்லூரி வாசலில் கொண்டுபோய் விட்டேன் என்று திருத்திக் கூறுகிறேன்.

எனக்குக் கீழ்த்தாடையில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கடைவாய்ப் பல் போய்விட்டிருந்தது. பல் போன இடத்தில் எலும்புக்குள் ஒரு டைட்டானியம் திருகைப் பதித்து, எலும்பு அதைப் பிடித்துக்கொண்ட பிறகு மேலே பல் பொருத்துவதற்கு இம்ப்ளான்ட் என்று பெயர். இந்த மருத்துவமனையில் அதைப் பற்றி நாற்பது பேரை வைத்து ஓர் ஆய்வு நடக்கிறது. நோயாளியின் ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து இயந்திரத்தில் சுற்றினால் மஞ்சளாக ஜவ்வு போல ஒன்று திரண்டு வரும். அதை ஒரு பக்கத் திருகைச் சுற்றி வைத்துத் தைப்பார்கள். மறுபக்கம் வைக்காமல் தைப்பார்கள். அதன் பிறகு எந்தப் பக்கம் சீக்கிரம் ஆறுகிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். எந்தப் பக்கம் ஜவ்வு என்பது மூடிய உறைக்குள் இருக்கும், அறுவையின்போதுதான் பிரிப்பார்கள். நோயாளிக்குச் சொல்வதில்லை. பிறகு புண்ணைப் பார்க்கும் மருத்துவருக்கும் சொல்வதில்லை.

நான் அதில் சேர்ந்த அன்றே, இவர் என் தாய்மாமன் என்று அவள் தலைமை மருத்துவரிடம் சொல்லிவிட்டாள். சேரலாம், ஆனால் இவருடைய வலிக் குறிப்புத் தாள்களை நீ தொடக் கூடாது என்று அவர் சொன்னார். அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாமா, நீங்களே எழுதி நீங்களே பெட்டியில போடணும். நான் பக்கத்துலயே வரமாட்டேன். புரிஞ்சுதா?" என்றாள். "எனக்கே சொல்லித் தர்றியா?" என்று சொல்லி, படிவத்தில் எழுதப் படிக்கத் தெரியும் என்ற இடத்தில் டிக் போட்டேன்.

அறுவை அன்று எட்டு மருத்துவர்கள் என்னைச் சூழ்ந்து நின்றார்கள். காவல் ஆய்வாளர் எழுத்தரிடம் பேனாவை நிறுத்தச் சொன்னதால், இருவர் என்று திருத்துகிறேன். மரத்துப்போக ஊசி போட்டு, துளை போட்டு, இரண்டு பக்கமும் பதித்துத் தைத்தார்கள். அதன் பிறகு நாளுக்கு ஒன்றாகப் பதினான்கு தாள்கள் கொடுத்து அனுப்பினார்கள். ஒவ்வொன்றிலும் திறந்த வாயின் படம் ஒன்று இருந்தது. வலிக்கும் பல்லின் மேல் வட்டம் போட வேண்டும். வலி எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் எழுத வேண்டும். கீழே குறிப்பு எழுத இரண்டு கோடுகள்.

நான்காம் நாள் காலை இடது கன்னம் வீங்கியிருந்தது. குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன். வீக்கம் கண்ணாடியில் இடப்பக்கம் தெரிந்தது. தாளிலும் இடப்பக்கம் வட்டம் போட்டு எட்டு என்று எழுதினேன். கிடங்கில் கேட்டவர்களிடம் கொசு கடித்த மாதிரிதான் என்று சொன்னேன். தாளில் அப்படிச் சொல்லவில்லை. பேச்சில் எவ்வளவு வேண்டுமானாலும் அளந்துவிடுவேன், எழுத்தில் எனக்கு அவ்வளவு தூரம் வராது. பதினான்கு நாளும் அதே பக்கம்தான் வட்டம் போட்டேன்.

ஏழாம் நாள் தையல் பிரிக்கப் போனபோது, அவள் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே, "மாமா, படத்துல எந்தப் பக்கம்னு பாத்துப் போடுறீங்கதானே? நிறைய பேர் அதுல குழம்புறாங்க" என்று கேட்டாள். "முப்பத்தொரு வருஷமா இடது வலது பாத்துத்தான் நான் சோறு திங்கிறேன், போ போ" என்றேன். அன்று புண்ணைப் பார்த்த மருத்துவர் இடப்பக்கம் வீக்கம் என்று அவருடைய ஏட்டில் எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு ஐந்து வாரம் கழித்து, ஆய்வைச் சரிபார்க்க வெளியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். மருத்துவர் ஏட்டில் இடப்பக்கம் வீக்கம், என் தாள்களில் வலப்பக்கம் வலி. ஜவ்வு வைத்ததோ இடப்பக்கம். அதாவது என் தாள்களின்படி ஜவ்வு வைத்த பக்கம் ஒரு குறையும் இல்லாமல் ஆறியிருக்கிறது. ஆய்வு நல்லபடி முடிய வேண்டும் என்று அலுவலகத்தில் யாரோ உட்கார்ந்து எழுதிய தாள்கள் இவை என்று அவர் சந்தேகப்பட்டிருக்கிறார். இந்த விவரம் எனக்கு அப்போது தெரியாது. இன்று ஆய்வாளர் சொல்லித்தான் தெரியும்.

அந்த அதிகாரி வெளி நோயாளிகள் பிரிவின் நடைகூடத்தில் என்னை நிறுத்தினார். பெஞ்சில் ஐம்பது பேர் இருந்தார்கள். ஒன்பது பேர். என் தாள் ஒன்றை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்து, "இது நீங்க எழுதினதா?" என்று கேட்டார். பெஞ்சு ஓரத்தில் பள்ளிச் சீருடையில் இருந்த ஒரு பெண் அதை எட்டிப் பார்த்துவிட்டு அவள் அம்மா காதில் ஏதோ சொன்னாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. "நான் ஏன் சார் எழுதணும்? எல்லாம் என் அக்கா மக எழுதிடுவா. இந்த டிபார்ட்மெண்டே அவ கையிலதான்" என்றேன். அவர் "அப்படியா?" என்று கேட்டு, அதை அப்படியே எழுதிக்கொண்டார். பெரிய மனிதர் நம் பேச்சைக் குறித்துக்கொள்கிறாரே என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அதன் பிறகு திங்கட்கிழமை இந்த நிலையத்திலிருந்து ஒரு காவலர் கிடங்குக்கே வந்தார். நான் கிரேன் கூண்டிலிருந்து இறங்கி வந்தேன். கூட வேலை செய்பவர்கள் சுற்றி நின்றார்கள். கிரேனுக்குக் கீழே நின்று எனக்குச் சைகை காட்டுபவர், "என்ன ஏர்ஹாரன், போலீஸ் வரைக்கும் புகழ் பரவிடுச்சா?" என்று கிண்டல் செய்தார். காவலர் கேட்டதும், நடைகூடத்தில் சொன்னதையே இன்னும் கொஞ்சம் கூட்டி, அவள் இல்லாவிட்டால் அந்த மருத்துவமனையில் ஒரு தாளும் நகராது, நான் காலாட்டிக்கொண்டு படுத்திருந்தேன், அவளே வட்டம் போட்டு அவளே பெட்டியில் போட்டாள் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். இது பாப்பாவை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

இன்று காலை ஒன்பது மணிக்கு இடப்பக்கம் மறுபடியும் விண்ணென்று தெறித்ததால் மருத்துவமனைக்குப் போனேன். அறுவை செய்த மருத்துவர் திருகை ஒரு கருவியால் தொட்டார். அது அசைந்தது. "எலும்பு இதைப் பிடிக்கலை. எடுத்துடணும்" என்றார். பிறகு எக்ஸ்ரேயைத் திரையில் போட்டுக் காட்டினார். அசைந்த திருகு படத்தில் வலது ஓரத்தில் இருந்தது. "டாக்டர், என் படத்தைத் திருப்பி மாட்டிட்டீங்க, கெட்டுப்போனது இந்தப் பக்கம்" என்று கன்னத்தைத் தொட்டுக் காட்டினேன். அவர் சிரித்து, "நீங்க என்னைப் பாத்து உக்காந்திருக்கிற மாதிரிதான் படம். உங்க இடது எனக்கு வலப்பக்கம். பல்லுப் படம் எல்லாமே அப்படித்தான், அந்தத் தாள்ல இருக்கிறதும்" என்றார்.

கிடங்கில் சைகை காட்டுபவர் கீழே என் முகத்தைப் பார்த்துத்தான் நிற்பார். அவர் இடக்கையை நீட்டினால் சுமை என் வலப்பக்கம் போக வேண்டும். முப்பத்தொரு வருடத்தில் ஒரு முறைகூட நான் அதில் தப்பியதில்லை. இதைக் கூட்டிச் சொல்லவில்லை, கிடங்கில் விசாரித்துக்கொள்ளலாம். தாளில் இருந்த வாயும் என்னைப் பார்த்துத்தான் திறந்திருக்கிறது என்பது மட்டும் எனக்கு உறைக்கவில்லை. பதினான்கு வட்டமும் தப்பான பக்கம்.

அந்த நேரத்தில்தான் அக்கா போன் செய்தாள். "டேய், பாப்பாவை வார்டுலேருந்து ஜீப்புல ஏத்திட்டுப் போயிட்டாங்கடா. நீ என்னத்தடா சொல்லித் தொலைச்சே? உன் வாய்க்கொழுப்புக்கு என் பொண்ணுதான் கிடைச்சாளா?" என்றாள். வாயில் வைத்த பஞ்சோடு ஆட்டோ பிடித்து இங்கே வந்தேன்.

மேற்கண்டபடி நான் சொன்னதை ஆய்வாளர் உடனே ஏற்கவில்லை. "இந்த இடது வலதுக் கதையை உங்க அக்கா மகளே சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கலாமே, பெரியவரே? திங்கட்கிழமை ஒன்னு சொன்னீங்க, இன்னைக்கு ஒன்னு சொல்றீங்க. எதை நான் நம்பறது?" என்றார். எழுத்தர் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டேகால். மூன்று மணிக்கு மருத்துவமனை நிர்வாகத்திலிருந்து புகாரில் கையெழுத்துப் போட ஆள் வருவதாகவும், அதற்கு மேல் தன் கையில் எதுவும் இல்லை என்றும் ஆய்வாளர் சொன்னார். இன்றைக்கு நான் சொல்வதுதான் உண்மை என்றால் முதலில் பொய் சொன்னதற்கு என் மேல் நடவடிக்கை வரும் என்றும், இது நீதிமன்றத்தில் எல்லோர் முன்னாலும் வாசிக்கப்படும் என்றும் எச்சரித்தார். "எழுதுங்கம்மா" என்றேன்.

அதன் பிறகு அவர் மருத்துவமனையிலிருந்து இன்று காலைதான் வந்து சேர்ந்த அசல் தாள்களின் உறையைப் பிரித்து, என் கண்ணில் படாமல் பிடித்துக்கொண்டு, வெள்ளைத் தாள் ஒன்றை என் பக்கம் தள்ளினார். "நான் சொல்றதை எழுதுங்க" என்றார். பேனாவை எடுத்தேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க நான் கடைசியாக எழுதியது நான்காம் வகுப்புக் கரும்பலகையில். அவர் "தண்ணீர் குடித்தாலும் வலி" என்றார். எழுதினேன். எழுத்தர் எட்டிப் பார்த்து, "வளின்னா காத்துங்க ஐயா. பதினாலு நாளும் வாய்க்குள்ள காத்தா அடிச்சுது?" என்றார். வாசலில் நின்ற காவலரும் சிரித்தார். ஆய்வாளர் சிரிக்கவில்லை. "இன்னும் ரெண்டு வரி" என்றார். எழுதினேன்.

அவர் ஐந்தாம் நாள் தாளை என் எழுத்துக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் "தன்னீர் குடித்தாளும் வளி" என்றே இருந்தது. ஒன்பதாம் நாள் தாளிலும், பன்னிரண்டாம் நாள் தாளிலும் அதே எழுத்துகள் அதே இடங்களில் தப்பாக இருந்தன. என் அக்கா மகள் எழுதிய நோயாளிப் பதிவேட்டையும் எடுத்துவரச் சொல்லிப் பார்த்தார். அது அச்சடித்தது மாதிரி இருந்தது. ஆய்வாளர் தொலைபேசியை எடுத்து, மூன்று மணிக்கு வர வேண்டாம், தாள்களை எழுதியவர் கிடைத்துவிட்டார் என்று சொன்னார்.

அதன் பிறகு என் அக்கா மகளை உள்ளே அழைத்தார்கள். அவள் என்னைப் பார்க்கவில்லை. மேசை மேல் இருந்த இரண்டு தாள்களையும் பார்த்தாள். "மாமா, எழுத வராதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? எழுத வராதவங்களுக்குப் பக்கத்துல உக்காந்து கேட்டு எழுத ஒரு ஆளையே போட்டிருக்கோம். நாற்பது பேர்ல பதினோரு பேருக்கு அவங்கதான் எழுதறாங்க. யாரும் அவங்களைப் பாத்துச் சிரிக்கலை" என்றாள். எழுத்தர் பேனாவைத் தூக்கிப் பிடித்து, இதற்கு நான் என்ன பதில் சொன்னதாக எழுதுவது என்று கேட்டார். எனக்குச் சரியாக எழுத வராது என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

இதை எழுத்தர் எனக்கு முழுவதும் படித்துக் காட்டினார். கூட்டிச் சொன்ன இடங்களை அங்கங்கே குறைத்துவிட்டேன். மிச்சம் இருப்பது நடந்தது. திங்கட்கிழமை கொடுத்தது பொய், இது உண்மை, இரண்டின் கீழும் உள்ள கையெழுத்து என்னுடையது. பதினான்கு தாள்களையும் நானே எழுதினேன். அவற்றில் உள்ள வட்டங்களும் பிழைகளும் என்னுடையவையே, என் அக்கா மகளுடையவை அல்ல.

(கையொப்பம்)

என் முன்னிலையில் எழுதி, படித்துக் காட்டிக் கையொப்பம் பெறப்பட்டது. நேரம் பிற்பகல் 3.10.
காவல் ஆய்வாளர்