சாம்பல் சட்டைக்கு நாலு வரி வசனம்

விண்கலம் குலுங்கும்போது மணி அடிப்பவன் நான்தான். ஒரு மணி அடித்தால் எல்லோரும் இடப்பக்கம் சாய வேண்டும், இரண்டு அடித்தால் வலப்பக்கம். பதினொரு வருடமாக 'தூரதேசி' என்கிற அந்தக் கப்பல் எரிகல் மழையிலும் எதிரிக் குண்டிலும் மாட்டித் தடுமாறியதெல்லாம் என் மணியால்தான். கப்பல் என்னவோ ஓர் அங்குலம்கூட அசைந்ததில்லை. டிவி தொடருக்காகப் பலகையும் தகரமும் சேர்த்து ஆணி அடித்த ஒரு பெரிய அறை, அவ்வளவுதான். கேப்டனாக நடிப்பவருக்கு மட்டும் இடது எது, வலது எது என்று கடைசிவரை பிடிபடவில்லை. அவருடைய இடது ஷூவில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்துக் கொடுத்திருக்கிறேன். கேப்டன் ஆபத்து நேரத்தில் தலையைக் குனிந்து ஆழ்ந்து யோசிப்பதாக ஜனங்கள் நினைக்கிறார்கள். அவர் பொட்டைத் தேடுகிறார்.

இதையெல்லாம் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியதில்லை, ஐயா. நீங்கள் கேட்டது ஒரே கேள்வி: "அன்னைக்கு ஏன் கை தூக்கல?" உங்களுக்கு முன்னால் மூன்று பேர் வந்து விசாரித்தார்கள். கதவை அளந்தார்கள், புகைப்படம் எடுத்தார்கள், செட் போட்ட ஆசாரியை அழவைத்தார்கள். இந்தக் கேள்வி ஒருவருக்கும் தோன்றவில்லை. பதில் சொல்கிறேன். ஆனால் என் வேலை என்னவென்று தெரியாமல் பதில் விளங்காது.

மணி அடிப்பது உபரி வேலை. சம்பளம் பிரதி பார்ப்பதற்கு. கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு குட்டை முக்காலி போட்டு, பிரதியை மடியில் வைத்துக்கொண்டு, நடிப்பவர்களின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு வார்த்தை மாறினாலும் சரி, போன காட்சியில் இடது கையில் இருந்த துப்பாக்கி வலது கைக்கு வந்தாலும் சரி, என் வலது கை மேலே போகும். இயக்குநர் உடனே 'கட்' என்பார். அவர் நடிகர்களைப் பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டார், என் கையைத்தான் பார்ப்பார். எனக்கு அங்கே 'கைகாட்டி' என்று பெயர். கோபத்தில் வைத்த பெயர்தான், நாளாவட்டத்தில் பாசமாகிவிட்டது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலோ தலைக்கவசத்துக்குள்ளோ பேசினால் சத்தம் வெளியே வராது. குரலைப் பிறகுதான் சேர்ப்பார்கள். அதனால் உதட்டைப் பார்த்தே வசனத்தைப் படிக்கவும் பழகிவிட்டேன்.

இன்னொரு வேலையும் இருந்தது. தொடரின் வழக்கங்களை எண் போட்டு எழுதிவைக்கும் வழக்க நோட்டு. விண்வெளிக்கும் வழக்கம் என்று ஒன்று உண்டு, ஐயா. எந்தக் கிரகத்தில் இறங்கினாலும் அது எங்கள் ஸ்டுடியோவுக்குப் பின்னால் இருக்கும் கல்குவாரி மாதிரியே இருக்கும். எந்தக் கிரகத்துக்காரனும் நம் பாஷையை நம்மைவிடச் சுத்தமாகப் பேசுவான். நானூறு பேர் இருக்கிற கப்பலில் வேறு ஆளே அகப்படாததுபோல ஆபத்தான இடத்துக்கெல்லாம் கேப்டன்தான் போவார். எஞ்சின்காரர் நாலு மணி நேரம் ஆகும் என்பார், கேப்டன் ஒரு மணி நேரம்தான் தருவேன் என்பார், அரை மணியில் வேலை முடிந்துவிடும். நீலச் சட்டைக்காரர்களுக்குப் பெயர் உண்டு. அவர்கள் செத்தாலும் இரண்டு வாரத்தில் ஏதாவது காரணம் சொல்லிக்கொண்டு எழுந்து வந்துவிடுவார்கள். சாம்பல் சட்டைக்காரர்களுக்குப் பெயர் கிடையாது, திரும்பி வருவதும் கிடையாது. கேப்டனோடு இறங்கும் சாம்பல் சட்டைகளில் ஒருவன் முதல் விளம்பரத்துக்குள் காலி.

ஆனால் யாரென்றே தெரியாதவன் செத்தால் ஜனங்கள் பிஸ்கட் எடுக்கப் போய்விடுவார்கள். ஆகவே இருபத்தேழாவது வழக்கம்: சாகப்போகிறவன் சாவதற்கு முன்னால் தன் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தையாவது பேச வேண்டும். தங்கை கல்யாணம், அம்மா கை ருசி, எதுவானாலும் சரி. பேசினான் என்றால் போனான்.

இதைக் கண்டுபிடிப்பதில் என் தங்கை படு கெட்டிக்காரி. அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவளை வளர்த்தவன் நான். தொடர் ஆரம்பித்தபோது அவளுக்குப் பதினைந்து வயது. வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு நான் சோபாவில் உட்காருவேன், அவள் தரையில் உட்கார்ந்து என் முழங்காலில் சாய்ந்துகொள்வாள்.

"அண்ணா, இவன் போயிடுவான் பாருங்க. இப்பதான் ஊர்ல தோட்டம் போட்டிருக்கேன்னு சொன்னான்."

"சும்மா இரு. பார்க்கலாம்."

மூன்று வாரத்துக்கு முன்பே அவன் சாவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன், ஒன்றும் தெரியாதவன்போல முகத்தை வைத்துக்கொள்வேன். விளம்பரம் வந்ததும் திரும்பிப் பார்த்துக் கேட்பாள்: "அப்புறம் என்ன ஆகும், அண்ணா?" நான் சொல்ல மாட்டேன். அவள் கெஞ்சுவாள். எங்கள் வீட்டில் சிரிப்புக்குப் பஞ்சமே இருந்ததில்லை. அந்தக் கேள்விக்காகத்தான் வாரம் முழுக்க வேலைக்குப் போனேன் என்று சொன்னால் அது மிகை. வேறு காரணங்களும் இருந்திருக்கும்.

மாப்பிள்ளை விளக்குப் பிரிவில் இருந்தார். தேடிப் பிடித்துக் கல்யாணம் செய்துவைத்தவனே நான்தான். தங்கமான மனிதர், யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டிலேயே குடியிருந்தார்கள். ஒருநாள் ஒரு சாம்பல் சட்டைக்காரர் வரவில்லை. அந்தச் சட்டை மாப்பிள்ளைக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்திவிட்டது. அன்றிலிருந்து மூன்று வருடம் கேப்டனுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நின்று ஒரு மஞ்சள் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தார். திரையில் தெரிவது அவருடைய பின்மண்டை, வாரத்துக்கு ஏழு விநாடி.

அந்த ஏழு விநாடிக்காக என் தங்கை ஒரு மணி நேரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். யார் செத்தான், யார் பிழைத்தான் என்ற ஞாபகமே இருக்காது.

"தங்கச்சி, இவன் வீட்டைப் பத்திப் பேசினான், கவனிச்சியா?" என்று நானே எடுத்துக் கொடுப்பேன்.

"ஷ்... பேசாதீங்க அண்ணா. அவர் வர்றார்."

அவள் சோபாவில் அவர் பக்கத்தில் உட்காருவாள். நான் சாப்பாட்டு மேசை நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். கழுத்து கொஞ்சம் வலிக்கும், வேறொன்றுமில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை என்னிடம் வந்தார். வாயெல்லாம் பல்.

"மச்சான், ரெண்டு நல்ல சேதி. குழந்தை வரப்போகுது. அப்புறம், தனியா வீடு பார்த்துட்டோம். பஸ்ல ஒன்றரை மணி நேரந்தான்."

"ரொம்ப சந்தோஷம் மாப்பிள்ளை."

"நீங்க வியாழக்கிழமை வேணும்னா வாங்க மச்சான், சேர்ந்து பார்க்கலாம்."

வேண்டுமென்றால் வரலாமாம்.

மறுநாள் திங்கட்கிழமை. கதாசிரியர் வழக்கம்போல முக்காலிக்குப் பக்கத்தில் வந்து குந்தி, "கைகாட்டி சார், இந்தத் தடவை யாரை அனுப்பலாம்?" என்று கேட்டார். இந்த இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்பதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். ஒரு சாம்பல் சட்டை மூன்று வருடம் உயிரோடு இருப்பது வழக்கத்துக்கே விரோதம். அதை நோட்டில் தேதியோடு குறித்தும் வைத்திருக்கிறேன். தேதி அந்தத் திங்கட்கிழமைதான், அதனால் என்ன. வசனத்தையும் நானே எடுத்துக் கொடுத்தேன்: 'கப்பல் திரும்பும்போது எனக்குக் குழந்தை பிறந்திருக்கும், கேப்டன்.' கதாசிரியர் மூக்கை உறிஞ்சினார். உயிரோட்டமாக இருக்கிறது என்றார்.

மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை.

"நெஜமாவா மச்சான்? எனக்கு வசனமா? நாலு வரியா?"

"சாகப் போறீங்க மாப்பிள்ளை."

"செத்தா என்ன மச்சான், முகம் தெரியும்ல. அவ பாவம், மூணு வருஷமா என் பின்மண்டையையே பார்த்துட்டிருக்கா."

அந்த வாரம் முழுக்க வீட்டில் ஒத்திகை. என் தங்கைதான் கேப்டன். குரலைக் கனமாக்கிக்கொண்டு அவள் பேசுவதும், இருவரும் பாதியில் சிரித்துவிடுவதும் பக்கத்து அறையில் எனக்குக் கேட்கும். நான் பிரதியை வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை பிசகவில்லை. அவ்வளவு நன்றாகத் தயார் செய்திருந்தாள்.

காட்சி இதுதான். விஷப்புகை கப்பலுக்குள் பரவாமல் இருக்க, சாம்பல் சட்டைக்காரன் கப்பல் வாசலில் இருக்கிற கண்ணாடிக் கதவு அறைக்குள் போய்த் தன்னைப் பூட்டிக்கொள்கிறான். கேப்டன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கிறார். ஆசாரி அந்த அறையைப் பீரோ அளவுக்குச் செய்திருந்தார். தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும். பின்பலகையில் ஒரு சாண் நீளத்துக்கு ஓர் இடுக்கு. சோதனைக்கு எடுத்துப் பார்த்தபோது அதன் வழியாக வெளிச்சம் கோடு போட்டது. விண்வெளியில் முதுகுப் பக்கமிருந்து வெளிச்சம் வராது, அது பதினான்காவது வழக்கம். ஆசாரியிடம் சொன்னேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "காத்துக்குன்னு விட்டது சார் அது."

"ரெண்டு நிமிஷ வேலைக்குக் காத்து எதுக்கு?"

கறுப்புத் துணியைச் சுருட்டி அடைத்துவிட்டார். அவர்மேல் தப்பில்லை, பாவம், அவரை விட்டுவிடுங்கள். புகைக்கு உலர்பனிக்கட்டி போடுவார்கள். அது வரும் பெட்டியின்மேல், மூடிய இடத்தில் பயன்படுத்தக் கூடாது, மூச்சை அடைக்கும் என்று சிவப்பு எழுத்தில் போட்டிருக்கும். மற்றவர்கள் பெட்டியைத் திறப்பார்கள், படிக்க மாட்டார்கள். பிரதி பார்ப்பவன் எழுத்து எங்கே இருந்தாலும் படித்துவிடுவான்.

காலை பதினொரு மணிக்கு எடுத்தார்கள். இயக்குநர் இன்னும் கொஞ்சம் புகை வேண்டும் என்றார், போட்டார்கள். கதவைச் சாத்தினார்கள். மாப்பிள்ளை நாலு வரியையும் அட்சரம் பிசகாமல் சொன்னார். பிரதிப்படி கண்ணாடியில் நாலு முறை தட்டிவிட்டு மெல்லச் சரிய வேண்டும். நாலு முறை தட்டினார்.

பிறகு ஐந்தாவது முறை தட்டினார்.

இயக்குநர் என் கையைப் பார்த்தார். அது மடியில் இருந்தது. அப்படியானால் ஐந்தாவதும் பிரதியில் இருக்கிறது என்று அர்த்தம், அவர் திரும்பிக்கொண்டார். ஆறு, ஏழு, எட்டு. கேமராக்காரர் சொல்லாமலேயே கிட்டே போனார். கேப்டனுக்கு நிஜமாகவே கண்ணீர் வந்தது. பதினொரு வருடத்தில் அவர் கிளிசரின் இல்லாமல் அழுதது அன்றுதான். தளத்தில் இருந்த நாற்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

கண்ணாடிக்குள் அவர் பேசிக்கொண்டிருந்தார். பிரதிப்படி, தட்டும்போது கடைசி வரியையே திரும்பச் சொல்ல வேண்டும்: 'நீங்கள் போங்கள், கேப்டன்.' அவர் சொன்னது, 'மச்சான், கதவு.' கேப்டனை அவர் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தார், சரியாகச் சொன்னால் என் கையை. அந்தத் தளமே என் கையில்தான் ஓடுகிறது என்று அவருக்கும் தெரியும். பதினோராவது தட்டலுக்குப் பிறகு வெறும் 'மச்சான்' மட்டும்.

கை மரத்துப்போயிருந்ததா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. எழப் பார்த்தது, பதினொரு வருடப் பழக்கம் இல்லையா. அதனால் இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டேன். இதோ, இப்படி. நாலு நிமிடம் இருபது விநாடி. அவர் சரிந்து, புகை கண்ணாடியை மூடி, இயக்குநர் தானாகவே 'கட்' சொல்லும்வரை விடவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். முதலில் நிறுத்தியவர் ஆசாரி.

அதற்குமேல் உங்களுக்கே தெரியும். விபத்து என்று எழுதி மூடிவிட்டார்கள். குரல் சேர்க்கிற பையன்தான் எட்டு முறை முயன்று பார்த்துவிட்டு, "இந்த வாய் 'கேப்டன்'னு சொல்லல சார், எதைப் போட்டாலும் உட்காரல" என்று உங்களிடம் வந்தான். நல்ல தொழில்காரன். என் முக்காலிக்கு அவனைச் சிபாரிசு செய்கிறேன்.

ஏன் கை தூக்கவில்லை என்றால், காட்சி அவ்வளவு நன்றாக வந்துகொண்டிருந்தது. கெடுக்க மனம் வரவில்லை. மாப்பிள்ளைமேல் எனக்குக் கடுகளவும் வருத்தமில்லை. முகம் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டார், தெரிந்தது. வழக்கம் என்று ஒன்று இருந்தால் அது சொந்தக்காரனுக்கும் பொருந்த வேண்டும்.

தங்கை நாலு நாள் தூங்கவில்லை. ஐந்தாம் நாள் வந்து கேட்டாள். "அண்ணா, நீங்க உதட்டைப் பார்த்தே படிப்பீங்களே. கடைசியா என்ன சொன்னார்?"

"உன் பேரைத்தாம்மா சொன்னார்" என்றேன்.

அன்று தூங்கினாள். பிரதியில் இல்லாத ஒரு வரியை என் வாழ்நாளில் நானாகச் சேர்த்தது அது ஒன்றுதான். அதை மட்டும் அவளிடம் திருத்திவிடாதீர்கள், ஐயா. மற்றபடி எங்கே கையெழுத்து வேண்டுமோ போடுகிறேன்.

இன்று வியாழக்கிழமை. ஆறு மணிக்குள் என்னை அனுப்பிவிடுவீர்கள்தானே? வீடு மாறும் பேச்சை அவள் விட்டுவிட்டாள், டிவியைத்தான் போடவே மாட்டேன் என்கிறாள். அது போகப் போகச் சரியாகிவிடும். ஒரே ஒரு கதை பார்த்தால் போதும், விளம்பரம் வந்ததும் தானாகவே திரும்பிக் கேட்பாள், அப்புறம் என்ன ஆகும் அண்ணா என்று. சாப்பாட்டு மேசை நாற்காலியைத் திரும்ப அதன் இடத்தில் போட்டுவிட்டேன். சோபாவில் இப்போது இடம் இருக்கிறது.