போஷகரின் தொலைபேசி எண்

எனக்கு அமெரிக்கச் செய்தி பார்க்கும் பழக்கம் உண்டு, ஐயா. என் மனைவி கமலாவதி இருந்தவரை அவள் சீரியல் பார்ப்பாள், முடியும்வரை நான் காத்திருப்பேன். அவள் போன பிறகு தொலைக்காட்சி முழுவதும் எனக்குத்தான். மொழிபெயர்க்க உங்கள் பக்கத்தில் இருக்கும் பிள்ளை இதை உங்களுக்குப் பிரெஞ்சில் சொல்லட்டும், எனக்கு அவசரமில்லை.

சென்ற இலையுதிர்காலத்தில் அங்கே அரசாங்கமே மூடிக் கிடந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். செலவுக்கு ஒப்புதல் கொடுக்க இரண்டு கட்சியும் சேரவில்லை. என் தங்கையின் மகள் ஜெயமதிக்கு மேரிலாந்தில் அரசாங்க வேலை. சம்பளம் இல்லாமல் போய்வந்தாள். "எங்களைப் பற்றி அவையளுக்கு ஒரு கவலையும் இல்லை மாமா. மற்றக் கட்சிக்குப் பேர் வந்திடக் கூடாது, அவ்வளவுதான்" என்று தொலைபேசியில் அழுதாள். அடுத்தவன் பெயர் எடுத்துவிடுவானே என்று நல்ல காரியத்துக்குக் குறுக்கே விழுந்து படுக்கிற மனிதர்களை எனக்கு எப்போதுமே பிடிக்காது. இதைக் கட்டாயம் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

இனி ஆனந்தராசாவைப் பற்றி. அவன் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் சென்ட் லோரன்ட்டில் நான் இருந்த தொழிற்சாலையில் வேலை எடுத்துக் கொடுத்தவன் நான். பனிக்கு எந்தச் சப்பாத்து வாங்குவது என்றுகூட என்னைத்தான் கேட்டான். இன்று வசதியான ஆட்கள் இருக்கிற இல்-பிசாரில் தனி வீடு, பின்னால் தோட்டம், தோட்டத்தில் ஆப்பிள் மரம். உழைத்தான், வாங்கினான், எனக்கு அதில் ஒன்றுமில்லை. போன வருடம் இங்கே இருக்கும் எங்கள் ஊர் ஆட்களின் ஒன்றியத்தில் தலைவர் பதவியும் அவனுக்குப் போனது. தொடங்கிய நாளிலிருந்து நான் இருந்த கதிரை அது. பார்க் எக்ஸ்ரென்சனில் இருக்கும் ஒன்றியத்து மண்டபத்தை வாங்கியதே என் காலத்தில்தான். சனம் கையை உயர்த்தியது, முடிந்துவிட்டது. எனக்குப் பொறாமை என்று நகுலேஸ்வரன் உங்களிடம் சொல்லியிருப்பான். செயற்குழுவில் என் பேச்சைத் தட்டாமல் இருந்த ஆள், இப்போது நல்லபேர் வாங்கப் பார்க்கிறான். எனக்குப் பொறாமை கிடையாது.

பொறுக்க முடியாமல் இருந்தது ஆனந்தராசா எனக்குக் காட்டிய மரியாதை. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பழைய தலைவருக்குப் போஷகர் என்று பட்டம் கொடுத்து முன்வரிசையில் இருத்திவிடுவார்கள். என்னையும் அப்படி இருத்தினான். போஷகருக்கு வேலை எதுவும் இல்லை, பொன்னாடை மட்டும் உண்டு. மண்டபத்தைச் சூடாக்குகிற பொயிலரைப் பார்க்க வருகிற ஆட்களிடம் என்னுடைய தொலைபேசி எண்தான் இருந்தது. அதை மாற்றவேண்டும் என்று செயலாளர் சொன்னபோது ஆனந்தராசா விடவில்லை. "வேண்டாம், அண்ணையின்ர நம்பரே இருக்கட்டும். எடுத்தால் அவரை வெட்டிவிட்ட மாதிரிப் போயிடும்" என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்காகத் தட்டியதுபோல இருந்தது, ஆனால் அவனுக்காகத்தான் தட்டினார்கள்.

பழைய பொயிலரைக் கழற்றிவிட்டு மின்சார ஹீற்றர் போடுவது அவனுடைய முதல் திட்டம். நல்ல திட்டம். நானே செய்ய நினைத்து வைத்திருந்தது. அதனால்தான் அவன் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதே வருடம் கோடையில் ஓர் அமெரிக்க மாநிலத்தில் உறுப்பினர்கள் சபைக்கு வராமல் வேறு மாநிலங்களில் போய் இருந்ததைப் பார்த்தேன். ஆள் குறைந்தால் வாக்கெடுப்பு நடத்த முடியாதாம். என்ன கேவலம் என்று தொலைக்காட்சியோடு சண்டை பிடித்தேன். பேந்து யோசித்தால், எங்கள் ஒன்றியத்தின் சட்டப் புத்தகமான யாப்பிலும் அதே விதி இருக்கிறது. எழுதியவன் நான்.

நகுலேஸ்வரனுக்கும் மற்ற இரண்டொருவருக்கும் சொன்னேன்: "எதிர்க்கத் தேவையில்லை. போகாமல் இருந்தால் காணும்." ஆனந்தராசா கூட்டம் வைத்தான், ஆள் போதவில்லை. திரும்பவும் வைத்தான். ஒவ்வொரு முறையும் அவன் மனைவி புஷ்பவதி வருகிறவர்கள் சாப்பிட ரோல்ஸ் சுட்டுக் கொடுத்துவிடுவாள். அவன் காத்திருந்துவிட்டுக் கதிரைகளை அடுக்கிவைத்துப் போவான். கடைசியில் என் வீட்டுக்கே வந்தான்.

"அண்ணை, நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் எல்லாரும் வருவினம்."

"எனக்கு இப்ப என்ன பதவி கிடக்கு தம்பி, நான் சொல்ல?"

தலையைக் குனிந்துகொண்டு போனான். அன்று எனக்கு நல்ல நித்திரை.

அதற்குப் பிறகுதான் பொயிலர் பார்க்கிறவர் என்னை அழைத்தார். புகை வெளியே போகிற குழாய் துருப்பிடித்து உக்கிப்போய்விட்டது, இனி இயக்கினால் நச்சுவாயு உள்ளேதான் வரும், அதற்கு மணம் கிடையாது, யாருக்கும் தெரியாது என்றார். "நான் அதை நிறுத்திவிட்டேன், சுவிச்சில் ஒட்டுகிற சிவப்பு ரேப் சுற்றி, இயக்க வேண்டாம் என்று எழுதிய அட்டையும் மாட்டியிருக்கிறேன், உங்கள் ஆட்களிடம் சொல்லுங்கள்" என்றார். நான் பிரெஞ்சில் மெர்சி என்று நன்றி சொன்னேன். எனக்குப் பிரெஞ்சு வராது என்று நேற்றுச் சொன்னது சரியில்லை. இத்தனை வருடம் தொழிற்சாலையில் பழகிய பிரெஞ்சு, வேண்டிய அளவுக்கு வரும்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் புது ஹீற்றர் வந்துவிடும், திறந்துவைப்பது அவனாக இருக்கும். ஒரு நாள் என்னிடம் இருந்த சாவியால் திறந்து போய் அந்த அட்டையை எடுத்துவிட்டேன். சுவரில் பார்க்க அசிங்கமாக இருந்தது.

நவம்பரில் ஆண்டுவிழா. அன்று காலை மண்டபத்திலிருந்து ஆனந்தராசா என்னை அழைத்தான்.

"அண்ணை, ஹீற்றர் வேலை செய்யுதில்லை. மண்டபம் ஐசாக் கிடக்கு, பின்னேரம் பிள்ளையள் ஆட வரப்போகுதுகள். என்ன செய்யிறது?"

"கீழை பொயிலர் அறைக்குப் போ. சுவிச்சிலை சிவப்பு ரேப் இருக்கும். கழட்டிப்போட்டு மேலை தட்டு."

"ஏன் அண்ணை ரேப் சுத்திக் கிடக்கு?"

"கோடைக்கு நிப்பாட்டினது."

"நீங்கள் இல்லாட்டி நாங்கள் என்ன செய்வம்" என்றான்.

என் கணக்கு இவ்வளவுதான்: சனத்துக்குத் தலையிடிக்கும், வயிற்றைப் பிரட்டிச் சத்தி வரும், எல்லோரும் எழும்பி வெளியே ஓடுவார்கள், புதுத் தலைவரின் முதல் விழா நடுவில் நிற்கும். சுவரில் புகைக்கும் நச்சுவாயுவுக்கும் சேர்த்து அபாயமணி இருந்ததே என்று கேட்கிறீர்கள். வடை சுடுகிற புகைக்கு அது கத்தும் என்று, சமையல் நாளில் முதல் வேலையாக அதன் பற்றரியைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போடுவது எங்கள் வழக்கம். நான் தலைவராக இருந்தபோது தொடங்கி வைத்தது.

புஷ்பவதி பொயிலர் அறைக்குப் பக்கத்துச் சமையலறையில் இருந்தது எனக்குத் தெரியாது என்றும் சொல்லியிருந்தேன். அதையும் திருத்திக்கொள்ளுங்கள். அவன் பேசிக்கொண்டிருந்தபோது பின்னால் அவளுடைய குரல் கேட்டது. "ஆர், தியாகண்ணையே? அவருக்கு உழுந்துவடை எடுத்து வைக்கிறன் எண்டு சொல்லுங்கோ." நான் சரி என்று தொலைபேசியை வைத்துவிட்டேன். தொலைக்காட்சியில் அப்போதும் அமெரிக்க அரசாங்கம் திறக்கவில்லை.

அவன் சுவிச்சைத் தட்டிவிட்டு, பூவும் வாழைப்பழமும் வாங்க ஜான்-டலோன் சந்தைக்குப் போனான். திரும்பி வந்து சமையலறைத் தரையில் அவளைக் கண்டான். தட்டியது தன் கைதான் என்று இன்னும் அழுதுகொண்டிருக்கிறான். நானும் அவனுக்கு ஆறுதல் சொன்னேன்.

மூத்தவர் என்று செத்தவீட்டில் இரங்கல் உரைக்கு என்னைத்தான் கேட்டான். பேசினேன். நல்ல உரை என்று பலர் வந்து கையைப் பிடித்தார்கள். ரொறன்ரோவிலிருந்துகூடச் சனம் வந்திருந்தது, உள்ளே இடமில்லாமல் கொட்டுகிற பனியிலும் தெருவரை நின்றார்கள்.

எனக்கு மனவருத்தம் இல்லையா என்று கேட்டீர்கள். இருக்கிறது, ஐயா. கமலாவதியின் செத்தவீட்டன்று பனிகூடக் கொட்டவில்லை, புஷ்பவதிக்கு வந்ததில் பாதிச் சனமும் வரவில்லை.