தீர்ப்புக்குப் பிறகும் எழுந்து போகாதவர்

"வக்கீல்னு சொன்னாலே எனக்குக் குமட்டிக்கிட்டு வருது. கேஸ் முடிஞ்ச அன்னிக்கே எல்லாரும் பெட்டியத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டாங்க."

"எனக்கும் குமட்டத்தான் செய்யுது, டோரீன். என்ன பண்றது, தினமும் கண்ணாடியில ஒரு வக்கீல் மூஞ்சியப் பார்த்தாகணுமே!"

பனி கொட்டிய ஒரு காலையில், வின்னிபெக்கில், குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கான நம் சட்ட உதவி அலுவலக வாசலில் நடந்த பேச்சு இது. மகள் டானிகாவைக் கொன்றவன் சிறைக்குப் போய் ஆண்டுகள் ஆகியிருந்தன. அவனுக்குப் பரோல் விசாரணை வரப்போகிறது என்பதை, மளிகைக் கடை வரிசையில் யாரோ பேசக் கேட்டு டோரீன் பாபியாக் ஓடி வந்திருந்தார். பெயரைப் பதிந்து வைத்தால்தான் தகவல் வரும் என்று அந்தத் தாயிடம் ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. சண்டை போட வந்தவர் சிரித்துவிட்டார். சிரித்த வாயோடு அழுதும்விட்டார்.

அன்று அவருடைய ஈரக் கோட்டை வாங்கி மாட்டிய எங்கள் ஆஸ்டா தோர்வால்ட்சன் அம்மையாரே! நீதிமன்றக் கதவு சாத்திய பின்னும் நெஞ்சின் கதவைச் சாத்தாத நேயமே! பணி நிறைவு பெறும் உங்களுக்கு, உடன் உழைத்தோரின் கலங்கிய வணக்கம்!

நம் பணியில் வெற்றி விழா இல்லை. தள்ளிப்போன ஒரு விடுதலை, நெருங்கக் கூடாது என்றொரு ஆணை, பயமில்லாமல் தூங்கிய ஓர் இரவு, இவையே நீங்கள் பெற்றுத் தந்தவை. இறந்தவர் எவரும் திரும்பவில்லை. திரும்புவார்கள் என்பதுபோல் நீங்கள் யாருக்கும் ஆறுதல் சொன்னதும் இல்லை.

சிறைக்குள் பரோல் விசாரணை நடந்த அந்தச் சிறிய அறையை எப்படி மறப்போம்? முன்பே எழுதிக் கொடுத்த தன் துயரத்தை, ஒரு சொல்லும் கூட்டாமல் டோரீன் வாசிக்க வேண்டும். எதிரே அவன். அவர் காகிதத்தைப் பிரித்தார், மறுபடி மடித்துவிட்டார். நீங்கள் நாற்காலியை இழுத்து இருவருக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தீர்கள்.

"ஆண்டவன் எனக்கு எதுக்கு இவ்ளோ அகலமாத் தோள் குடுத்தான்னு இன்னிக்குத்தான் தெரியுது. நீங்க படிங்க."

அந்தத் தோளுக்கு அப்பால் அவன் மறைந்துபோனான். டோரீன் மகளின் பெயரை உடையாமல் சொல்லி முடித்தார்.

அதன் பின் ஒவ்வொரு விசாரணைக்கும் அதே நாற்காலி. அண்மைக் காலமாக, காரில் திரும்பும்போதெல்லாம், "வக்கீலம்மா, ஒண்ணு கேக்கணும்" என்று தொடங்குவார் டோரீன். பிறகு மடியிலிருந்த பழப் பணியாரத்தை நீட்டி, "ஒண்ணுமில்ல, ஆறிப்போறதுக்குள்ள சாப்பிடுங்க" என்று முடித்துவிடுவார். ஓய்வு நாள் நெருங்குகிறவரிடம் இதைக் கேட்பது நியாயமா என்று அவருக்குத் தயக்கம்.

மார்ச்சில் மறுபடி விசாரணை. காகித வேலைகளை நாங்கள் பார்த்துக்கொள்வோம். ஆனால் பக்கத்தில் துணையாக ஒருவர் உட்காரலாம், அவர் வக்கீலாக இருக்க வேண்டியதில்லை என்று டோரீனுக்குச் சொல்லிக் கொடுத்தவரே நீங்கள்தான்.

ஏரிக்கரை வீட்டில் நோயின்றி, நிறைந்த ஆயுளோடு, நெடுங்காலம் வாழ்க! இந்த இடத்தில் அலுவலகத் தோழர்கள் அனைவரும் கையெழுத்திடுகிறோம். கடைசி வரி எங்களுடையது அன்று. முன்வரிசையில் இருக்கும் டோரீன் நேற்றே அதைச் சொல்லித் தந்தார். ஒரு சொல்லும் மாற்றவில்லை. இப்போது எழுந்து அவரே சொல்வார்:

"ஆஸ்டா, இனிமே நீ என் வக்கீல் இல்ல. மார்ச்சுல, சும்மா எனக்காக, அந்த நாற்காலியில வந்து உட்காருவியா?"