எலுமிச்சம்பழம் நசுங்கிய பிறகு

மின்வெட்டு ஊரை வறுத்தெடுத்த வருஷம். கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலை போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு டீச்சர்கள். மூத்தவர் புது பேட்டரி ஸ்கூட்டருக்குக் கோயில் வாசலில் பூஜை போட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வண்டிய ஸ்டார்ட் பண்ணும்மானு குருக்கள் நிக்கறாரு. ஸ்டார்ட்லதான் இருக்குது சாமினு சொல்றேன், நம்பல. சக்கரத்துக்கடியில எலுமிச்சம்பழம் நசுங்கினப்புறம்தான் நம்பினாரு."

இளையவர் சிரித்தார். "அப்புறம் ஏன்க்கா பஸ்ல வர்றீங்க?"

"நேத்தெல்லாம் கரண்ட் இல்லடி. சார்ஜ் ஏறல. திருப்பிக் குடுத்துடலாம்னு வீட்டுக்காரர் ஒத்தக்கால்ல நிக்கறாரு. சாயங்காலம் முடிவு சொல்லணும்."

"சார் சொல்றதும் சரிதான? அந்தக் கரண்ட்டும் அனல்மின் நிலையத்துல கரி எரிச்சு வர்றதுதான. இங்க புகை கம்மி, அங்க ஜாஸ்தி."

மூத்தவர் ஜன்னல் வழியே மலையைப் பார்த்தார். மலை பஸ்ஸோடு கூடவே வந்துகொண்டிருந்தது.

"பெட்ரோல் வண்டி கடைசி வரைக்கும் பெட்ரோல்தான்டி கேக்கும். நாளைக்கு வெயில்ல கரண்ட் எடுத்தா, அதுலயும் இதே வண்டி ஓடும். நம்மூர்ல வெயிலுக்கா பஞ்சம்?"

"உங்க பாப்பாவுக்கு மூச்சிழுப்பு எப்படி இருக்குது?"

"அவளுக்காகத்தான வாங்கினேன். பழைய வண்டியில மூக்கப் பொத்திக்கினே வருவா. முந்தாநாள் இதுல ஸ்கூல் வரைக்கும் பாடிக்கினே வந்தா. வண்டிச் சத்தம் இல்லையா, தெருவே திரும்பிப் பார்த்துது."

பஸ் ஸ்டாண்டு வந்தது. இருவரும் எழுந்தார்கள்.

"சார்கிட்ட என்னதான் சொல்லுவீங்க?"

"ஒண்ணும் சொல்லமாட்டேன். கரண்ட் வந்ததும் அவரத் தெருமுனையில நிக்க வெச்சுட்டு, பாப்பாவோட ஒரு சுத்து வருவேன். காதால கேக்கட்டும்."