பாட்டுச் சொல்லித்தராத வகுப்பு

"ஹலோ... ஆமா, நான்தான். வேனை ஓரமா நிறுத்துங்க முதல்ல. ... பிள்ளைங்களை இறக்கி விட்டாச்சா? ... சரி, சரி. ஒரே கேள்வி. மழுப்பக் கூடாது."

இசைக் கல்வித் துறையின் மாடிப்படித் திருப்பத்தில் ஆய்வேட்டை அணைத்தபடி நின்றாள் பாட்டு டீச்சர். உள்ளே வழிகாட்டிப் பேராசிரியர் பேனாவை மூடி வைத்துவிட்டார். சரியான விளக்கம் சொன்னால்தான் கையெழுத்து. இல்லாவிட்டால் நாலு வருட முனைவர் பட்ட உழைப்பு அம்போ. மறுமுனையில் பள்ளி வேன் ஓட்டும் அவள் கணவன்.

"ஒரு வகுப்புக்கு ஆறு மாசம் தொண்டை வறளப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தேன். ஒப்பிட்டுப் பார்க்கணும்னு இன்னொண்ணுக்குச் சொல்லியே தரலை. ... ஆமா, ஆமா, உங்க வேன்ல வர்ற வாலுங்கதான். பரீட்சையில எது ஜெயிச்சுதுன்னு நினைக்கிறீங்க? ... கிழிச்சுது! உங்க வாலுங்கதான் ஜெயிச்சுது! ... சிரிக்காதீங்க. 'அப்போ நீ சொல்லிக்கொடுக்காம இருக்கிறதுதான் சிறந்த முறையாம்மா?'ன்னு நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்குறாரு மனுஷன்.

"அதுங்க காதுல பாட்டே விழக் கூடாது, ரேடியோ போடாதீங்கன்னேனே, போட்டீங்களா? ... போடலை. ... என் மேல சத்தியமா? ... அப்புறம் எப்படி? ... என்ன 'அது வந்து'? ... ம். ... ம். ... ரேடியோ இல்லாம தூங்கி வழியுதுங்கன்னு... நீங்களே பாடினீங்களா? ஆறு மாசமாவா? போக வரவா? அதுங்களும் கூடவே பாடிச்சா? ... ஸ்டியரிங்ல தாளம் வேறயா! அட என் ராசா!

"... ஆமா, ரேடியோவைத்தான் சொன்னேன். நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கணும். ... கோவம்தான், பின்னே கொஞ்சவா? ஒன்பது வருஷத்துல எனக்கு ஒரு வரி பாடியிருக்கீங்களா? ... பயமா? எங்கிட்டயா? ... இருங்க. இப்ப என்ன சொன்னீங்க? ... திருத்துற ஆள் முன்னாடி பாட வாயே வராதா? ... பிள்ளைங்களும் அதைத்தான் சொல்லுதா, நீங்க திருத்தாததாலதான் பாட வந்துச்சுன்னு? ..."

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"... இல்ல, அழலை. விளக்கம் கிடைச்சிடுச்சு. உண்மையை அப்படியே சொல்லிடுறேன். இன்னொரு வருஷம் இழுக்கும், இழுக்கட்டும். நாளையிலேருந்து நானும் வேன்ல வரேன், கடைசி சீட்ல, நோட்டோட. ... நான் இருந்தா பாட மாட்டீங்களா? ... திருத்த மாட்டேங்க! வாயைத் திறந்தா ஏன்னு கேளுங்க. ... வேணும்னா இப்பவே பாடிப் பாருங்க. ... ஒரே ஒரு பாட்டு. ... ம். ... ம்ம். ...

"நல்லா இருக்கு. ... நெசமாத்தாங்க, ரொம்ப நல்லா இருக்கு! ... அந்த ரெண்டாவது வரியில மட்டும் சுருதி கொஞ்சம் இறங்கி... ஹலோ? ... ஹலோ?"